குறுக்கு வலிக்கு ஒரு செட்

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு வலி மாத்திரையோடுதான் பொழுது விடியும். பூச்சந்தைக்கு மல்லிகை வந்து இறங்குவதும், காய்கறி மார்க்கெட்டில் லாரிகள் காலியாவதும், வெளியூர் பஸ்கள் ராத்திரி ஓட்டம் முடித்து வந்து நிற்பதும் ஏறக்குறைய ஒரே நேரம். லோடுமேன்கள் வருவார்கள், டிரைவர்கள் வருவார்கள், இருட்டோடு இருட்டாகத் தோட்டத்தில் குனிந்து பூவெடுத்துவிட்டு வந்த அம்மாக்கள் வருவார்கள். "பாப்பா, குறுக்கு வலிக்கு ஒரு செட் குடு." "மேலெல்லாம் வலிக்குது, நல்லா கேக்குற மாத்திரையா ரெண்டு நாளைக்குக் குடு தாயி." வலி எங்கே, எப்படி என்று விவரமாகச் சொல்வார்கள். உளைச்சல் வேறு, குடைச்சல் வேறு என்று பிரித்துச் சொல்வார்கள். மாத்திரையின் பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்.

நான் மருந்தாளுநர். டி.பார்ம் முடித்ததிலிருந்து இந்த வட்டாரக் கடைகளில்தான் வேலை. அந்தப் பெயர் தெரியாமல் போவதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். வலி மாத்திரையே போடாதே என்று சொல்ல வரவில்லை. மூட்டை தூக்குகிறவருக்கு வலி நின்றால்தான் அன்றைய கூலி. அவரிடம் போய் "ஓய்வு எடுங்கள்" என்று சொல்வதற்கு எனக்கு மனசு வராது. இந்த மாத்திரைகள் நல்ல மாத்திரைகள், வேலை செய்கிற மாத்திரைகள். எதைப் போடுகிறோம், எந்த உடம்பில் போடுகிறோம், எத்தனை நாளாகப் போடுகிறோம் என்று தெரியாமல் போடும்போதுதான் ஆபத்து.

செட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, ஒரு வேளைக்கு ஒரு காகித உறை என்று போட்டுக் கொடுப்பது. பெரும்பாலும் அதில் ஒரு டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருக்கும், ஒரு பாரசிட்டமால் இருக்கும், கூட ஒரு கேஸ் மாத்திரை. சில இடங்களில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்துவிடும். அதைப் போட்டவருக்கு அன்றைக்கு உடம்பு பறக்கிற மாதிரி இருக்கும், அடுத்த முறையும் அந்தக் கடையைத் தேடித்தான் போவார். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்பது அவருக்குத் தெரியாது. கத்தரித்த துண்டில் பெயர் பாதிதான் இருக்கும், காலாவதி தேதி வேறு துண்டோடு போயிருக்கும். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, "என்ன மாத்திரை போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டால், "மஞ்சக் கலர்ல ஒண்ணு, வெள்ளையில ரெண்டு" என்பதுதான் பதில்.

சரி, பெயர்களுக்கு வருவோம். கடையில் வலிக்கென்று கிடைப்பவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று பாரசிட்டமால். டோலோ என்று எல்லோரும் சொல்வது இதுதான். காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், வீக்கத்தைக் குறைக்காது. இன்னொன்று வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும் குடும்பம். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் ஆசிட், நிமெசுலைடு, ஆஸ்பிரின் எல்லாம் அந்தக் குடும்பம். கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும், அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும்.

படிக்காவிட்டால் என்ன ஆகும்? காலையில் ஒரு காம்பிஃப்ளாம். அதில் இபுபுரூஃபன் 400 மில்லிகிராம், பாரசிட்டமால் 325. அது கேட்கவில்லை என்று மத்தியானம் பக்கத்துக் கடையில் ஒரு ஜீரோடால் எஸ்.பி. அதில் அசிக்ளோஃபினாக் 100, கூடவே மறுபடியும் பாரசிட்டமால். ராத்திரி காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று ஒரு டோலோ 650. மூன்று பெயர், மூன்று நிற அட்டை. உடம்பைப் பொறுத்தவரை, ஒரே குடும்பத்து மாத்திரை இரண்டு, பாரசிட்டமால் மூன்று வேளை. ஒரே குடும்பத்தில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது. பக்கவிளைவு மட்டும் கூடும்.

அமெரிக்காவில் 1984இலிருந்து இபுபுரூஃபன் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அங்கே ஒரு மாத்திரை 200 மில்லிகிராம்தான். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டாதே, வலிக்கு 10 நாளுக்கு மேலும் காய்ச்சலுக்கு 3 நாளுக்கு மேலும் போடாதே என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இங்கே டைக்ளோஃபினாக் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அதிலும் எழுதித்தான் இருக்கிறது. ஆனாலும் எப்படி விற்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சீட்டு இல்லாமலே கைக்கு வந்துவிடும் மருந்துக்கு, அளவும் நாளும் சொல்ல யாராவது ஒருவர் இருக்க வேண்டாமா?

இந்த மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1971இல் கண்டுபிடித்தார். அதற்கு 1982இல் நோபல் பரிசும் கிடைத்தது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டாகிளான்டின் என்ற பொருளை உடம்பு தயாரிக்க விடாமல் இவை தடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலமே அரித்துவிடாமல் காக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் தடையில்லாமல் போகவும் அதுதான் உதவுகிறது. மாத்திரைக்கு முட்டியும் வயிறும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் தடுத்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் நம் ஊர் நம்பிக்கைகள் இரண்டு தானாக விழுந்துவிடும். முதலாவது, "ஊசியாப் போட்டா வயித்துக்குப் போகாதுல்ல?" மாத்திரை வயிற்றுச் சுவரில் படுவதால் வரும் எரிச்சல் ஒரு பங்குதான். பெரிய பங்கு ரத்தத்தின் வழியே வருகிறது. இடுப்பில் போட்ட டைக்ளோ ஊசியும் வயிற்றின் பாதுகாப்பைக் குறைக்கத்தான் செய்யும். இரண்டாவது, "அதான் கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டாச்சே!" பேன்டோப்ரசோல் மாதிரியான மாத்திரை இரைப்பையையும் அதை அடுத்த குடல் பகுதியையும் காப்பாற்றும், உண்மைதான். வயதானவர்களுக்கும் ஏற்கெனவே அல்சர் இருந்தவர்களுக்கும் டாக்டர் அதைச் சேர்த்து எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதனால் சிறுநீரகத்துக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. இதயத்துக்கும் கிடையாது. சாப்பிட்ட பிறகு போடுவதும் அப்படித்தான், எரிச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான். அல்சர் வந்தால் வலித்துத்தான் தெரியும் என்றும் இல்லை. முன்பின் வலியே இல்லாமல் ஒரு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும், அல்லது காபித்தூள் கரைத்த மாதிரி வாந்தி வரும். அப்போது கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி டாஸ்மாக் போய்விட்டு வந்து இந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

வயிற்றைப் பற்றியாவது ஜனங்களுக்குக் கொஞ்சம் தெரியும். சிறுநீரகத்தைப் பற்றித்தான் பேச ஆளில்லை. மதுரை மாதிரி ஊரில் அதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

சிறுநீரகத்தை ஒரு கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, மடை வழியாக வெளியே போகிறது, உள்ளே குறிப்பிட்ட மட்டம் நின்றால்தான் வேலை நடக்கும். வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் குறையும்போது, புராஸ்டாகிளான்டின் வரத்துக்காலை அகலப்படுத்தி, இருக்கிற ரத்தத்தைச் சிறுநீரகத்துக்குள் கொண்டுவரும். வலி மாத்திரை போட்டால் வரத்துக்கால் அகலாது. இதே ஆள் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் வகையில் ஒன்று சாப்பிடுகிறார் என்றால், அது மடையைக் கொஞ்சம் திறந்து வைக்கும். மற்ற நாளில் அது சிறுநீரகத்துக்கு நல்லதுதான், சர்க்கரைக்காரர்களுக்கு அதற்காகவே எழுதுவார்கள். அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் வருகிற தண்ணீரே குறைந்துவிடும். வரத்து சுருங்கி, மடை திறந்து, தண்ணீரும் குறைந்த கண்மாயில் மட்டம் என்ன ஆகும்? டாக்டர்கள் இந்த மூன்று மருந்துக் கூட்டணியைப் பார்த்தாலே எச்சரிக்கையாகிவிடுவார்கள். சிலருக்குச் சில நாட்களிலேயே சிறுநீரகம் திணறிவிடும்.

இதை மதுரையின் சித்திரை, வைகாசியோடு சேர்த்துப் பாருங்கள். வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, நடந்து நடந்து கால் வீங்கி, மறுநாள் ஆளாளுக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டால், "கூட்டத்துல எங்கிட்டு ஒதுங்க? அதான் குடிக்கல" என்பார்கள் பெண்கள். நூறு நாள் வேலையிலும், பூக்காட்டிலும், பஸ்ஸிலும் இதே கதைதான். கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண் ஒருத்தி, அந்த வறண்ட உடம்பில் வலி மாத்திரையும் போடுகிறாள். இதை அவளுடைய அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தை மாதம் பழனிக்கு நடக்கிறவர்களும் அப்படித்தான். காலையில் கிளம்பும்போதே, வலி வருவதற்கு முன்பே, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடப்பார்கள். என்னிடம் அட்டை அட்டையாக வாங்க வரும் பாதயாத்திரைக் குழுக்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நடக்கும்போது போடாதீர்கள், சாயங்காலம் தங்கும் இடத்தில் தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, சிறுநீர் நன்றாகப் போன பிறகு தேவைப்பட்டால் ஒன்று. வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கிற நாளில் ஒன்றுகூட வேண்டாம்.

எங்கள் கடைக்கு வரும் பூக்கட்டும் அம்மா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2006இல் சிக்குன்குனியா பரவியபோது அவருக்கும் வந்தது. காய்ச்சல் போன பிறகும் மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கும் நோய் அது. அப்போது தொடங்கிய டைக்ளோ பழக்கம் விடவே இல்லை. ஒரு கடையில் தினம் ஒன்று என்று வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். நடுவில் ரத்த அழுத்தம் வந்து, மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வரத் தொடங்கியது. பிரஷர் குறையவே இல்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். ஆனால் டைக்ளோ போடுகிறேன் என்று அவர் நர்ஸிடம் சொல்லவில்லை. அது மருந்து என்றே அவர் நினைக்கவில்லை, "அது சும்மா வலிக்குப் போடுறதுதானே பாப்பா" என்றார். கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லி அனுப்பினேன், அளவு கூடியிருந்தது. டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தினார், பிரஷர் மாத்திரையை மாற்றினார். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு இறங்கியது. சீக்கிரம் தெரிந்தால் பல நேரம் இப்படித் தேறிக்கொள்ளும். தெரியாமல் வருடக்கணக்கில் போனால் டயாலிசிஸில் முடியலாம். சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. பாதி வேலை நின்ற பிறகும் கிரியேட்டினின் சாதாரணமாகவே காட்டக்கூடும், அதனால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது அது இல்லை.

இதே டைக்ளோஃபினாக் பாறு கழுகுகளுக்குச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கலக்கமாக இருக்கிறது. 1990களில் நம் நாட்டில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோ ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குள் போய், சிறுநீரகம் செயலிழந்துதான் செத்தன என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான ஊசி மருந்தைப் பெரிய குப்பியாக வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் 3 மில்லி குப்பிக்கு மேல் விற்கக் கூடாது என்றும் ஆனது. கழுகின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு, அதன் கதி நமக்கு வராது. ஆனாலும் மாட்டுக்கு டைக்ளோ கேட்டு வருகிறவர்களை நான் கால்நடை மருத்துவரிடம்தான் அனுப்புகிறேன்.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோஃபிகாக்ஸிப் என்ற மாத்திரை வயிற்றுக்கு நல்லது என்று உலகம் முழுக்க ஓடி, மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004இல் சந்தையை விட்டே போனது. ஆஸ்பிரினைத் தவிர, இந்தக் குடும்பத்தின் மற்ற மாத்திரைகளுக்கும் அந்த ஆபத்து கூடக் குறைய உண்டு. டைக்ளோஃபினாக்குக்குக் கொஞ்சம் அதிகம். நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் எக்கோஸ்பிரின் 75 சாப்பிடுவார்கள். அதோடு இபுபுரூஃபன் போட்டால், ரத்தம் கட்டாமல் காக்கும் ஆஸ்பிரினின் வேலையை அது தடுத்துவிடக்கூடும். அவர்கள் இதயம் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கவே கூடாது.

மழை தொடங்கி காய்ச்சல் பரவும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு கவலை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, கண்ணுக்குப் பின்னால் வலி என்று வந்தால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் தட்டணுக்கள் குறையும், ரத்தம் கசியும். அந்த நேரத்தில் இந்தக் குடும்பத்து மாத்திரை எதுவும் கூடாது, ஆஸ்பிரினும் கூடாது. டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும் வரை பாரசிட்டமாலும் தண்ணீரும்தான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் எடையைச் சொல்லி அளவு கேளுங்கள். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கல்லூரிப் பெண்கள் மாதவிடாய் வலிக்கு மெஃப்டால் வாங்குவார்கள். அதில் இருக்கும் மெஃபனாமிக் ஆசிட் அந்த வலிக்கு நல்ல மருந்து, ஒன்றிரண்டு நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். அபூர்வமாகச் சிலருக்கு, தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்து உள்ளுறுப்புகளைத் தாக்கும் ஒவ்வாமை வரும் என்று 2023இல் இந்திய பார்மகோபியா ஆணையம் (மருந்துகளின் தரத்தையும் பக்கவிளைவுகளையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) எச்சரித்தது. தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள், முக்கியமாக ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, டாக்டர் சொல்லாமல் இந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு ஒரே மாத்திரையில் மூச்சு முட்டிவிடும்.

அப்புறம் எதைத்தான் போடுவது என்று கேட்பீர்கள். முதலில் பாரசிட்டமால், 500 அல்லது 650, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில். தினமும் மது குடிக்கிறவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் அதையும் குறைக்க வேண்டும், டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டி, விரல் மூட்டுகளில் வலி என்றால் டைக்ளோ ஜெல் தடவிப் பாருங்கள். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது மிகச் சிறு பங்குதான், மூட்டு வலிக்கு நன்றாகவே கேட்கும். ஜெல் இருக்கும்போது வயதானவர்கள் ஏன் மாத்திரைக்கு ஓட வேண்டும் என்று எனக்குப் புரிவதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. வீட்டுக்கு வருகிறவரிடம் மூட்டுக்கும் குறுக்குக்கும் என்ன பயிற்சி செய்யலாம் என்று கேளுங்கள். இதெல்லாம் போதாமல் மாத்திரை வேண்டியிருந்தால், வேறு நோயோ வேறு மாத்திரையோ இல்லாதவர்கள், ஒரே ஒரு வகை, வலி கேட்கிற அளவில் குறைந்த அளவு, சாப்பிட்ட பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, இரண்டு மூன்று நாள். அதற்கு மேலும் வலி தொடர்ந்தால் வலிக்கான காரணத்தைப் பார்க்க வேண்டும். அறுபது தாண்டியவர்களும், சர்க்கரை, பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒரு மாத்திரைக்கே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

கடையில் செட் கேட்காதீர்கள், மாத்திரையின் பெயரைக் கேளுங்கள். கத்தரிக்கத்தான் வேண்டுமென்றால், உறையின் மேல் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது முழு அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலை குறைவு, ஒரு அட்டையாகவே வாங்கலாம். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு வைத்து, கடைக்கு வரும்போது அந்தப் பையோடு வாருங்கள். கூட்டமாக இருக்கிறது, அலுத்துக்கொள்வார்கள் என்று தயங்க வேண்டாம். பார்த்துச் சொல்வது எங்கள் வேலை, அதற்குத்தான் படித்திருக்கிறோம். மாத்திரை போட்ட பிறகு தடிப்பு, வீக்கம், சிறுநீர் குறைவது என்று எதுவும் நடந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகு, மேலே சொன்ன ஆணையத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே புகார் பதியலாம். மெஃபனாமிக் ஆசிட் பற்றிய எச்சரிக்கையும் இந்த மாதிரிப் புகார்களைச் சேர்த்துப் பார்த்து வந்ததுதான். என்ன மாத்திரை, எந்தத் தேதியில் போட்டீர்கள், என்ன ஆனது, கூட என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.